தலைமறைவுச் சர்க்கார்

மடுகரையிலிருந்து எந்தத் திசையில் நடந்தாலும் சிறிது நேரத்துக்கெல்லாம் ஏதோ ஒரு வரப்பில் புதுச்சேரி முடிந்து தமிழ்நாடு தொடங்கிவிடுகிறது. கரும்பும் நெல்லும் அந்த எல்லையை அறியா. மேயப்போகும் மாடுகளும் அறியா. சாலையோரத்துச் சாராயக்கடைகளும் பெட்ரோல் பங்குகளும் மாத்திரம் அதை அங்குலக் கணக்கில் அறிந்து வைத்திருக்கின்றன. இன்று அந்த வரப்பைத் தாண்டுகிறவன் இழப்பதோ பெறுவதோ சில ரூபாய்கள்தாம். 1954ஆம் வருஷத்து வசந்தத்தில் அதே வரப்பைத் தாண்டியவன் ஒரு தேசத்தின் போலீஸிடமிருந்து தப்பி, இன்னொரு தேசத்தின் போலீஸிடம் சந்தேகப் பிரஜையாகப் போய்ச் சேர்ந்தான்.

நெட்டப்பாக்கம் கொம்யூன் என்னும் பிரெஞ்சு நிர்வாக வட்டத்தைச் சேர்ந்த மடுகரைக் கிராமம் நாற்புறமும் பிறர் மண் சூழ்ந்த தீவு போன்ற ஒரு நிலப்பரப்பில் கிடப்பதற்கு யாரும் திட்டம் போட்டது கிடையாது. பாகூரும் வில்லியனூரும் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸ் காலத்து நவாபுகளின் விவகாரங்களில் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தவை. பின்னர் யுத்தங்களில் போய், நெப்போலியன் வீழ்ந்த பிறகு 1816இல் திரும்பக் கிடைத்தபோது, ஊர் ஊராக, துண்டு துண்டாக, ஜமக்காளத்தில் சிந்திய சோறு போலச் சிதறிய நிலையில் கிடைத்தன. இப்படிச் சிதறிய ராஜ்யத்தைக் காவல் காப்பது கஷ்டம். அதற்குள் ஒளிவதோ வெகு சுலபம். ஆங்கிலேயனின் வாரண்டுக்குத் தப்பிய பாரதியார் 1908 முதல் பத்து வருஷம் புதுவையில் வாழ்ந்ததும், வ. வே. சு. ஐயரும் அரவிந்தரும் அங்கே புகலடைந்ததும் இந்தச் சுலபத்தினால்தான். அதே எல்லை ஒரு தலைமுறைக்குப் பிறகு தலைகீழாகப் பயன்பட்டதென்பதையும், பிரெஞ்சுக்காரனின் வாரண்டுக்குத் தப்பியவர்கள் இந்தியப் பக்கம் வந்து ஒளிந்து அங்கிருந்தே புதுவையை நடத்தினார்கள் என்பதையும் நம் பாடப் புத்தகங்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை.

அப்படி நடத்தியவர்களில் தலையாயவர் வ. சுப்பையா. புதுவைக்காரர்கள் அவரை 'மக்கள் தலைவர்' என்பார்கள். அந்தப் பட்டத்துக்கு எந்தச் சர்க்காரும் கெஜட்டில் முத்திரை வைத்ததில்லை. அவருடைய ஜீவிய சரித்திரம் முழுவதுமே, முத்திரையில்லாத அதிகாரம் எவ்வாறு உண்டாகிறது, எவ்வாறு செலவாகிறது என்பதன் வரலாறுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சர்க்கார் என்பது கட்டடமல்ல, கொடியுமல்ல. வயிற்றிலடிபட்டவன் முறையிட எந்த வாசலுக்குப் போகிறானோ அந்த வாசல்தான் அவனுக்குச் சர்க்கார். கவர்னர் மாளிகையின் முன்னே சொல்தாக்கள் எனப்படும் வெள்ளைத் தொப்பிச் சிப்பாய்கள் காவல் நிற்கலாம். மெரி என்ற நகரசபைக் கட்டடத்தில் மேர் என்ற அதன் தலைவர் உட்கார்ந்து ஜனன மரணங்களைப் பதிந்துகொண்டிருக்கலாம். ஆனால் கூலி குறைந்ததென்று அழுகிறவன் அவ்விரண்டு வாசல்களையும் கடந்துபோய் ஒரு சங்கத்தின் திண்ணையில் உட்காருவானாயின், அன்றைக்கே ராஜ்யம் கைமாறத் தொடங்கிவிட்டதென்று அர்த்தம். ரகசிய ராஜ்யங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் துப்பாக்கியையும் சங்கேத வார்த்தைகளையும் தேடிப் போகிறார்கள். நானோ அந்தத் திண்ணையைத்தான் தேடுகிறேன்.

சுப்பையா 1911 பிப்ரவரி 7ஆம் தேதி புதுவையில் பிறந்தார். அக்காலத்துப் புதுவையின் படித்த வாலிபன் பிரெஞ்சு மொழியின் வழியே ரூஸோவையும், தமிழ்ப் பத்திரிகைகளின் வழியே காந்தியையும் ஒரே சமயத்தில் சந்தித்தான். பிரெஞ்சுப் புரட்சியின் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற மூன்று மந்திரங்களும் அவன் பள்ளிக்கூடத்துச் சுவரில் எழுதியிருந்தன, அவற்றில் ஒன்றுகூட மில் வாசலுக்கு வந்து சேரவில்லை. 1934 பிப்ரவரியில் காந்தியடிகள் புதுவைக்கு வந்தபோது சுப்பையா ஹரிஜன சேவையில் ஈடுபட்டிருந்த இளைஞர். அதே வருஷத்தில் 'சுதந்திரம்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். சென்னையில் கம்யூனிஸ்டுக் கருத்துடையோரின் தொடர்பும் அவருக்கு அக்காலத்தில்தான் ஏற்பட்டது. சேரியில் கல்வி புகட்டப் போன கால்கள் அங்கிருந்து மில்லுக்குப் போனதில் ஆச்சரியம் ஏதுமில்லை. சேரியில் குடியிருந்தவர்களே மில்லில் நூல் நூற்றார்கள்.

இங்கே சற்று நின்று புதுவையின் மில்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்; அவற்றைப் புரிந்துகொள்ளாதவர்களுக்கு மடுகரையும் புரியாது. சவானா, ரோடியர், கெப்ளே என்று மூன்று பஞ்சாலைகள். சுற்றுவட்டத்துக் கொம்யூன்களிலிருந்து ஆட்கள் விடியற்காலையில் கால்நடையாகவே வந்து, இருட்டிய பிறகு திரும்பினார்கள். ஆகவே மில் தொழிலாளி என்பவன் பட்டணத்துப் பிராணியல்லன். அவனுடைய ஒரு கால் எப்போதும் கழனிச் சேற்றில் இருந்தது. மில்லில் ஒரு செய்தி பிறந்தால் இரவுக்குள் அது வில்லியனூர்ச் சந்தைக்கும், மறுநாள் பாகூர் ஏரிக்கரைக்கும் போய்விடும். பிற்காலத்தில் கட்சியின் அந்தரங்கத் தபாலாக அமைந்தது பெரும்பாலும் இந்த நடைபாதைதான் என்று நினைக்கிறேன். அதை எவரும் புதிதாகச் சிருஷ்டிக்க வேண்டியிருக்கவில்லை. வயிற்றுப்பாடு முன்னமே போட்டு வைத்த பாதை அது.

1936 ஜூலை 30ஆம் தேதி சவானா மில்லில் வேலைநிறுத்தம் செய்திருந்த தொழிலாளிகள்மீது பிரெஞ்சுப் படை சுட்டதில் பன்னிரண்டு பேர் மாண்டார்கள். பாரீஸில் அப்போது இடதுசாரிகளின் மக்கள் முன்னணி மந்திரிசபை ஆட்சியேறி இரண்டு மாதங்கூட ஆகவில்லை. தாய்நாட்டில் தொழிலாளர் சர்க்கார், காலனியில் தொழிலாளர்மீது குண்டு என்ற இந்த முரண்பாட்டை சுப்பையா நன்றாக உணர்ந்து பயன்படுத்திக்கொண்டார். அவர் பிரான்ஸுக்கே சென்று வாதாடினார். பிரெஞ்சு செனேட்டர் ஜுஸ்தேன் கொதார் காலனிகளின் தொழிலாளர் நிலைமையை விசாரிக்க அனுப்பப்பட்டார். 1937 ஏப்ரல் 6ஆம் தேதி பிறந்த ஆணையின்படி பிரெஞ்சிந்தியத் தொழிலாளிக்கு எட்டு மணி நேர வேலையும் சங்கம் வைக்கும் உரிமையும் கிடைத்தன. ஆசியாவிலேயே இதுதான் முதல் என்று புதுவைக்காரர்கள் பெருமை சொல்வதுண்டு. அதைவிட முக்கியமான விளைவு வேறொன்று: கவர்னரிடம் கிடைக்காத நியாயத்தைக் கவர்னரின் எஜமானரிடம் போய்க் கேட்டு வாங்கி வந்த ஒருவர் நம்மூரில் இருக்கிறார் என்ற நம்பிக்கை கொம்யூன்களில் வேரூன்றியது. திண்ணை கட்டியாகிவிட்டது.

பிறகு யுத்தம் வந்தது. சிறையும் நாடுகடத்தலும் வந்தன. யுத்தம் முடிந்த பின் தேசிய ஜனநாயக முன்னணி என்ற பெயரில் அவரும் தோழர்களும் தேர்தலில் நின்று வென்றார்கள். 1947இல் சுப்பையா பிரெஞ்சுக் குடியரசின் மேலவைக்கே அங்கத்தினராகிவிட்டார். பாரீஸில் குடியரசின் சபையில் கௌரவத்தோடு ஆசனம், புதுவையில் அதே குடியரசின் போலீஸ் கோப்பில் முதல் பக்கம் என்ற இந்த வாழ்க்கையை நாவலாசிரியன் கற்பனை செய்திருந்தால் நாம் நம்பியிருக்கமாட்டோம்.

அவரைத் தெய்வமாக்குகிறவர்கள் விரைந்து தாண்டிப் போகும் ஒரு பக்கம் இதற்கடுத்து வருகிறது. 1948இல் புதுவையின் எதிர்காலம் மக்கள் வாக்கால் தீரும் என்று பேச்சு நடந்தபோது, பிரெஞ்சிந்தியக் கம்யூனிஸ்டுகள் உடனே இந்தியாவோடு சேர்ந்துவிடு என்று சொல்லவில்லை. சுயாட்சியோடு பிரெஞ்சு யூனியனில் இருப்பதே மேல் என்ற பக்கம் சாய்ந்தார்கள். அப்போது இந்தியாவில் கம்யூனிஸ்டுகள் வேட்டையாடப்பட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லைக்கு அப்பால் தோழர்களைச் சிறைக் கொட்டடியில் அடைத்த சர்க்காரோடு வலியச் சென்று சேர அவர்களுக்கு மனம் வராதது மனித இயல்பு. பிரெஞ்சுக் கட்சியின் நிலைப்பாடும் அவர்களைப் பாதித்தது. காரணங்கள் இருந்தன, ஆனால் கணிப்பு பிழை. அந்தப் பிழைக்குக் கொடுத்த விலையும் பெரிது. தேசபக்தர் என்ற பட்டம் எதிரிகளின் கைக்குப் போயிற்று. அப்போது பிரெஞ்சுக்காரருக்கு வலக்கரமாக விளங்கிய எதுவார் குபேர் முதலியோரின் கட்சி, 1948 அக்டோபர் முனிசிபல் தேர்தல்களை அடியாட்களின் துணையோடு வாரிக்கொண்டது. 1950 ஜனவரியில் சுப்பையாவின் வீடே தீக்கிரையாக்கப்பட்டது. அந்தக் காலத்தில் பிரெஞ்சிந்தியக் கம்யூனிஸ்டுக்குப் பகிரங்கமாக இருக்க வீடும் கிடையாது, ஓட ஊரும் கிடையாது. எல்லைக்கு இப்பால் குண்டர்கள், அப்பால் சி.ஐ.டி.

இங்கேதான் தலைமறைவு என்ற சாஸ்திரம் வருகிறது. கட்சிக்காரர்களின் பாஷையில் ஒளிந்திருக்கும் வீடு 'ஷெல்டர்', தலைவர்கள் கூடும் மறைவிடம் 'டென்', துண்டுச்சீட்டு சுமப்பவர் 'கூரியர்', அச்சும் விநியோகமும் போக்குவரத்துமாகிய அந்தரங்க இயந்திரம் 'டெக்'; முழுவதும் சேர்ந்தது 'யு.ஜி.' 1934 முதல் 1942 வரை சட்டவிரோதமாகவே வாழ்ந்து, சில வருஷ வெளிச்சத்துக்குப் பின் 1948இல் மறுபடி இருளுக்குள் இறங்கிய ஒரு கட்சி, இந்தச் சொற்களை ஆங்கிலத்திலிருந்து எடுத்துத் தமிழ்க் குடிசைகளில் புழங்கவிட்டது. ஒரு கூரியருக்குத் தான் வாங்கும் கை தெரியும், கொடுக்கும் கை தெரியும், மூன்றாவது கை தெரியாது. ஷெல்டர் கொடுத்த வீட்டில் வந்திருப்பவர் யாரென்று வீட்டுக்காரிக்கு மாத்திரம் தெரியும். பிள்ளைகளுக்கு அவர் ஊரிலிருந்து வந்த மாமா. பெருந்தலைவர்களின் சரித்திரம் எழுதப்படுகிறது. அந்தத் தலைவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய கைகளின் சரித்திரம் எழுதப்படுவதில்லை. காகிதத்தில் எழுதாமல் இருந்ததே அவர்கள் செய்த மிகப் பெரிய வேலை என்பதால், சரித்திராசிரியனைக் குறை சொல்வதற்கும் இடமில்லை.

இப்போது 1954க்கு வருவோம். இந்தோசீனத்தில் தியன் பியன் பூ கோட்டை முற்றுகையில் இருந்தது. பிரெஞ்சு ஏகாதிபத்தியத்துக்குக் கீழ்த்திசையில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கவர்னர் மேனார் புதுவையில் வீற்றிருந்தார். சுற்றிலும் இந்திய சர்க்கார் போட்ட சுங்கக் காவலும் பர்மிட்டும் நாளுக்கு நாள் இறுகிக்கொண்டு வந்தன. மார்ச் 18ஆம் தேதி, அதுகாறும் பிரெஞ்சுக்காரரின் நிழலில் வளர்ந்த மேர்களும் கவுன்சிலர்களும், வாக்கெடுப்பெல்லாம் வேண்டாம், நேராக இந்தியாவோடு இணைக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். காற்று திரும்புவதைப் பறவைகளுக்கு முன்னால் அறிந்துகொள்ளும் அரசியல்வாதிகள் எல்லாக் காலத்திலும் உண்டு. மாதக் கடைசியில் குபேரும் அவரைச் சேர்ந்தோரும் நெட்டப்பாக்கத்துப் போலீஸ் நிலையத்தைக் கைப்பற்றி இந்தியக் கொடியேற்றினார்கள். மடுகரை உள்ளிட்ட அந்தத் தீவு விடுதலை பெற்ற பூமியாயிற்று. இடைக்கால சர்க்கார் ஒன்று அங்கே பிரகடனமாயிற்று.

ஏன் நெட்டப்பாக்கம்? வரைபடத்தைப் பார்த்தால் விடை தானே கிடைக்கிறது. புதுவையிலிருந்து ஒரு சொல்தா லாரி நெட்டப்பாக்கத்துக்கு வரவேண்டுமானால் இந்திய மண்ணைக் கடந்தே வரவேண்டும். இந்திய சர்க்கார் அந்தப் பாதையை மறித்துவிட்டால் கவர்னருக்குத் தன் ராஜ்யத்தின் ஒரு பகுதியை எட்டிப் பார்க்கக்கூட வழியில்லை. 1816இல் யாரோ அலட்சியமாகச் சிந்தியது, நூற்று முப்பத்தெட்டு வருஷம் கழிந்து சிந்தியவனின் காலையே வழுக்கியது.

சுப்பையா சும்மா இருக்கவில்லை, இருக்கவும் முடியாது. இணைப்பு என்ற கோஷத்துக்குக் கம்யூனிஸ்டுகள் முன்னமே வந்துவிட்டிருந்தார்கள். புதுவையின் வடக்கு வாசலை ஒட்டிய இந்தியப் பகுதியான கோட்டக்குப்பத்தைத் தளமாக வைத்துக்கொண்டு அவர் இயக்கத்தை நடத்தினார். ஏப்ரல் முதல் வாரத்தில் கம்யூனிஸ்டுத் தொண்டர்கள் மேற்கே திருபுவனைப் பகுதியைப் பிடித்தார்கள். ஆக, பிரெஞ்சிந்தியா என்ற கைக்குட்டையளவு தேசத்தில் ஒரே மாதத்தில் மூன்று அதிகாரங்கள்: கடற்கரையில் கவர்னருடையது, நெட்டப்பாக்கம் மடுகரையில் குபேருடையது, திருபுவனைப் பக்கத்தில் செங்கொடியாருடையது. முதலாவதுக்குப் பீரங்கி இருந்தது. இரண்டாவதுக்குப் புதுதில்லியின் அனுதாபம் இருந்தது. மூன்றாவதுக்கு இருந்தது இருபது வருஷத்து நடைபாதை ஒன்றுதான்.

புதுதில்லிக்கு இந்த மூன்றாவதன்மேல் பிரியமில்லை. பிரெஞ்சுக்காரன் போன இடத்தில் செங்கொடி வந்து உட்கார்ந்துவிடக் கூடாதென்ற கவலை இந்திய அதிகாரிகளுக்கு இருந்தது. குபேரை அவர்கள் அணைத்துக்கொண்டதற்கு அவருடைய தேசபக்தியைவிட இந்தக் கவலையே பெரிய காரணம் என்று சொன்னால் தவறாகாது. இரண்டு சர்க்கார்களால் ஒரே சமயத்தில் சந்தேகிக்கப்பட்டுக்கொண்டு மூன்றாவது சர்க்கார் ஒன்றை நடத்துவது எவ்வளவு தூக்கமில்லாத தொழில் என்பதை எல்லையோரத்தில் வாழாதவர்கள் ஊகிப்பது கடினம்.

ரகசிய ராஜ்யம் என்றவுடன் வேறு ஒரு பெயர் நினைவுக்கு வராமற் போகாது. மராட்டிய நாட்டின் சதாராவில் 1943 முதல் 1946 வரை வெள்ளைக்காரனுக்குப் போட்டியாக 'பிரதி சர்க்கார்' நடத்திய நானா பாட்டீல், அரசியலுக்கு வருமுன் தலாட்டியாக, அதாவது நம்மூர்க் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். எந்தச் சர்வே நம்பரில் யார் உழுகிறான், எவன் பட்டாவை எவன் விழுங்கினான் என்பது விரல் நுனியில் இருந்த மனிதர் அமைத்த மறைமுக ராஜ்யத்தில் கிராம நியாய சபைகள் நடந்தன, சிக்கனக் கல்யாணங்கள் நடந்தன, தூஃபான் சேனை என்ற தொண்டர் படை இருந்தது, கொள்ளையருக்கும் காட்டிக்கொடுத்தவருக்கும் தண்டனை இருந்தது. அந்தத் தண்டனைகளில் சில கொடூரமானவை என்பதை மறைப்பதற்கில்லை. பிரதி சர்க்காரை 'பத்ரி சர்க்கார்' என்று ஜனங்கள் சிலேடையாகச் சொன்னதே உள்ளங்காலில் இரும்பு அடிக்கும் தண்டனையைக் குறித்துத்தான். நானா பாட்டீல் பின்னாளில் கம்யூனிஸ்டாகி லோக்சபைக்கும் போனார். சதாராவில் நிலக்கணக்கு செய்த காரியத்தைப் புதுவையில் கூலிக்கணக்கு செய்தது. ஒருவர் பட்டாவிலிருந்து கிளம்பினார், மற்றவர் மில் சம்பளத்திலிருந்து கிளம்பினார். இருவருக்கும் ஜனங்களின் முறையீடு முதலில் வந்தது, அதிகாரம் பிறகுதான் வந்தது. நெட்டப்பாக்கத்து இடைக்கால சர்க்காருக்கோ அதிகாரம் முதலில் வந்தது. அவ்விரு வகை ராஜ்யங்களுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். எது நீடித்தது என்று கேட்டால் என் வாதத்துக்குச் சங்கடமான பதிலே கிடைக்கும்.

மே மாதம் 7ஆம் தேதி தியன் பியன் பூ விழுந்தது. ஜூனில் மாந்தேஸ் பிரான்ஸ் பாரீஸில் பிரதம மந்திரியானார். அவருக்கு ஹனோயிலிருந்தே தலைவலி போதும், புதுவைத் தலைவலி வேண்டியிருக்கவில்லை. பிரெஞ்சிந்தியாவின் தூரத்துத் துண்டுகளான யானாமும் மாஹேயும் ஜூன், ஜூலையில் கைவிட்டுப் போயின. அக்டோபர் 18ஆம் தேதி கீழூரில், மேளதாளம் இல்லாத ஒரு கொட்டகைக் கூட்டத்தில், 178 பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். 170 பேர் இணைப்புக்கு, 8 பேர் எதிராக. நவம்பர் 1ஆம் தேதி ஆட்சி கைமாறி, கேவல் சிங் பிரதம கமிஷனராக அமர்ந்தார். இந்த 178 பேரும் அடியாட்களுக்குப் பேர்போன அந்தப் பழைய தேர்தல்களில் ஜயித்து வந்த சபைகளைச் சேர்ந்தவர்கள். இருபது வருஷம் சங்கம் கட்டியவர்களுக்கு ஒரு தேசத்தின் தலைவிதியை எழுதிய அந்த வாக்குப் பெட்டியருகே இடமில்லாமற் போயிற்று. விடுதலை யாருக்கு முதலில் சீட்டுக் கொடுக்கும் என்பது அது வரும் வண்டியைப் பொறுத்தது போலும்.

அதன் பின் நடந்தவை சுருக்கமாகச் சொல்லத்தக்கவை. சுப்பையா பகிரங்க வாழ்வுக்குத் திரும்பி, சட்டசபையில் நெடுங்காலம் எதிர்வரிசையில் உட்கார்ந்தார். மடுகரையைச் சேர்ந்த வெங்கடசுப்பா ரெட்டியார் 1964இல் புதுவையின் முதலமைச்சரானார்; எல்லைத் தீவின் கிராமம் ஒன்று தலைநகரின் நாற்காலிக்கு ஆள் அனுப்பியது. 1969இல் திராவிட முன்னேற்றக் கழகமும் கம்யூனிஸ்டுகளும் கூட்டாக மந்திரிசபை அமைத்தபோது சுப்பையாவும் மந்திரியானார். கோப்பும் காரும் பியூனும் உள்ள சர்க்காரில். ஒளிந்திருந்து ஆண்ட மனிதர் வெளிச்சத்தில் ஆண்டது அந்தச் சில வருஷங்கள்தாம். அவருடைய பெயரை அந்த வருஷங்களுக்காக எவரும் நினைவில் வைத்திருக்கவில்லை. பிரெஞ்சிந்திய விடுதலையின் வரலாற்றைத் தாமே ஒரு நூலாக எழுதி வைத்துவிட்டு, 1993 அக்டோபர் 12ஆம் தேதி காலமானார்.

மில்கள் அவருக்குப் பின்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் ஏதோ ஒரு வகையில் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்து, 2020இல் மூடப்பட்டன. விடியற்காலைச் சங்கு இப்போது ஊதுவதில்லை. வில்லியனூரிலிருந்தும் பாகூரிலிருந்தும் பட்டணத்துக்கு வரும் ஜனங்கள் வேறு வேலைகளுக்கு, பஸ்ஸிலும் மோட்டார் சைக்கிளிலும் வருகிறார்கள். ஆனால் வருஷந்தோறும் ஜூலை 30ஆம் தேதியன்று தொழிற்சங்கத்தார் மாலையோடு வந்து, சவானாவில் மாண்ட பன்னிரண்டு பேரின் நினைவிடத்தில் அதைச் சாத்திவிட்டு, வெயில் ஏறுமுன் கலைந்து போகிறார்கள்.